மாரிக்கு அளந்து பின்னுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பிள்ளை பார்க்கப் போகும்போது கையால் பின்னிய சுவெட்டர் கொண்டுபோகும் வழக்கம் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறது. நல்ல வழக்கம். ஆனால் அப்படிப் பின்னியவை பல, பிள்ளையின் உடம்பில் ஏறாமலே அலுமாரியில் கிடக்கின்றன. பிறந்த பிள்ளையின் அளவுக்குப் பின்னுவதும் அக்ரிலிக் நூலில் பின்னுவதுமே காரணம்.

மட்டக்களப்பில் சுவெட்டர் தேவைப்படுவது கார்த்திகை தொடக்கம் தை வரைதான். கச்சான் காற்று வீசும் வெயிலில் எந்தத் தாயும் அதைப் போட்டுவிடமாட்டாள். ஆகவே மாரியில் பிள்ளைக்கு எத்தனை மாதம் என்று எண்ணி அளவெடுங்கள். சித்திரையில் பிறந்தால் மார்கழிக்கு எட்டு மாதம், புரட்டாதியில் பிறந்தால் மூன்று. நாள் சரியாகத் தெரியாவிட்டால் 6 மாத அளவே நல்லது. கை நீண்டால் மடித்துவிடலாம்.

அக்ரிலிக் வியர்வையை உறிஞ்சாது. நம் புழுக்கத்தில் கழுத்திலும் முதுகிலும் வேர்க்குரு போடும். டிகே (டபிள் நிட்டிங்) எனும் நடுத்தரத் தடிப்பில் பருத்தி நூல் 200 கிராம், 4 மி.மீ. ஊசி போதும். முதலில் 15 செ.மீ. சதுரம் ஒன்று பின்னி, கழுவி, நிழலில் விரித்துக் காயவைத்து, நடுவில் 10 செ.மீ. அளந்து எண்ணுங்கள். 22 கண்ணியும் 30 வரியும் இருக்கவேண்டும். பலர் இதைத் தவிர்க்கிறார்கள், பிறகு கவலைப்படுகிறார்கள். உதாரணமாக, 10 செ.மீ.க்கு 22 கண்ணி என்றால் 110 கண்ணி 50 செ.மீ.; கை தளர்ந்து 20 ஆனால் அதே 110 கண்ணி 55 செ.மீ. ஆகிவிடும். தளர்ந்தால் சிறிய ஊசி, இறுகினால் பெரிய ஊசி.

6 மாத அளவுக்கு, உடலுக்கு 115 கண்ணி போட்டு, கீழ்க்கரை சுருளாமலிருக்க 6 வரி முழுவதும் நிட் (நேர்ப்பின்னல்). பிறகு ஒரு வரி நிட், ஒரு வரி பேர்ல் (மறுபின்னல்). இரு ஓரத்திலும் 5 கண்ணி எப்போதும் நிட். 14 செ.மீ. வந்ததும் முன்பக்கம் 30, பின்பக்கம் 55, மற்ற முன்பக்கம் 30 எனப் பிரித்து மூன்றையும் தனித்தனியே 11 செ.மீ. பின்னுங்கள். முன்பக்கங்களில் 7 செ.மீ. ஆனதும் கழுத்தோரத்தில் 7 கண்ணியை மூடி, ஒன்றுவிட்ட வரிகளில் ஒவ்வொன்றாக 6 கண்ணி குறைத்தால் தோளுக்கு 17 மிஞ்சும். பின்பக்கத்தில் 17, கழுத்துக்கு 21, 17. கைக்கு 34 கண்ணியில் தொடங்கி, ஆறு வரிக்கு ஒருமுறை இரு ஓரத்திலும் ஒவ்வொன்று கூட்டி 48 ஆக்குங்கள். நீளம் 15 செ.மீ.

பொத்தான் துளை ஐந்து: முதலாவது கீழிருந்து 1.5 செ.மீ.யில், பிறகு 4.5 செ.மீ.க்கு ஒன்று. ஓரத்து ஐந்து கண்ணியில் இரண்டு நிட், ஊசியில் நூலை ஒருமுறை சுற்றி, அடுத்த இரண்டையும் ஒன்றாகப் பின்னி, ஒரு நிட். ஆண்பிள்ளைக்கும் பெண்பிள்ளைக்கும் துளை வரும் பக்கம் வேறு என்பதால், ஆணா பெண்ணா தெரியாதபோது இரு பக்கமும் துளை விட்டு, பிறகு ஒரு பக்கத் துளைகளின் மேல் பொத்தானைத் தைத்துவிடலாம். பொத்தானைப் பின்னல் நூலால் தைக்காதீர்கள். உறுதியான தையல் நூலால் பலமுறை தைத்து இழுத்துப் பாருங்கள். கழன்றால் பிள்ளையின் வாய்க்குத்தான் போகும்.

கழுத்தில் ரிப்பன் வேண்டவே வேண்டாம், இறுகும். பூத்துளைப் பின்னலும் உட்புறம் நூல் தொங்கும் வண்ணப் பின்னலும் பிள்ளையின் விரலில் மாட்டி இரத்த ஓட்டத்தை நிறுத்திவிடும். அதே ஆபத்து கையுறையிலும் உண்டு. பிள்ளை தூங்கும்போது தொப்பியைக் கழற்றிவிடச் சொல்லிக் கொடுங்கள்.

மாரிவரை எடுத்துவைக்கும்போது நப்தலீன் உருண்டை போடக்கூடாது. செங்குழியங்களைக் காக்கும் ஜி-6-பி-டி எனும் நொதியம் குறைந்த பிள்ளைகளுக்கு அது செங்குழியங்களை உடைத்து மஞ்சட்காமாலையைக் கொண்டுவரும். பருத்தியை அந்துப்பூச்சி பெரிதாகத் தொடாது. ஈரம் இருந்தால்தான் பூஞ்சணம் பிடிக்கும். வெயிலில் நன்றாக உலர்த்தி, துணியில் சுற்றி வையுங்கள்.

நூல் விற்கும் கடைக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள்: உருண்டையைச் சுற்றியுள்ள தாளைக் கழற்றி விற்காதீர்கள். தடிப்பும், எந்தத் தொகுதியில் சாயம் போட்டது என்று காட்டும் சாய எண்ணும் அதில்தான் இருக்கின்றன. சாய எண் மாறினால் ஒரே நிறம் என்று வாங்கிய நூலிலும் நடுவில் கோடு விழும். பருத்தி நூலையும் ஐப்பசிக்கு முன்பே வரவழைத்து வையுங்கள். பின்னிக் கழுவி உலர்த்த மூன்று வாரமாவது வேண்டும்.

இப்படிக்கு,
பின்னல் பயிற்றுநர்,
களுவாஞ்சிகுடி