கெட்டிலுக்கு அபராதம் சரி, வெந்நீருக்கு என்ன வழி?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கலந்தாய்வு முடிந்து பிள்ளைகளைக் கல்லூரி விடுதிகளில் கொண்டுபோய் விடுகிற நேரம் இது. சேர்க்கைப் படிவத்தோடு நீட்டும் விதிமுறைத் தாளை யாரும் படிப்பதில்லை, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுகிறோம். அயர்ன் பாக்ஸ், கெட்டில், இண்டக்‌ஷன் அடுப்பு, ஹீட்டர் ராடு இவற்றில் எது அறையில் இருந்தாலும் பறிமுதல், மேற்கொண்டு அபராதம் என்று அதில் ஒரு விதி இருக்கும்.

நான் வயரிங் தொழில் செய்கிறவன். அதனால் அந்த விதியே தப்பு என்று சொல்ல மாட்டேன். அறைகளில் இருப்பது பெரும்பாலும் 5 ஆம்பியர் பிளக் பாயின்ட். 230 வோல்ட்டில் அது சுமார் 1,150 வாட் தாங்கும். ஒரு கெட்டிலே 1,500 வாட் இழுக்கும். நாலைந்து அறைகள் ஒரே சர்க்யூட்டில் இருந்து, காலை ஏழு மணிக்கு எல்லா அறையிலும் ஏதாவது ஒன்று ஓடினால், லோடு மீறும்போது தானே கரன்ட்டை நிறுத்தும் எம்சிபி சுவிட்ச் விழுந்துவிடும். விழுந்தால் பிழைத்தோம். விழாமல் உள்ளே ஒயர் சூடேறிக்கொண்டே இருப்பதுதான் பயம். ராடு இதைவிட மோசம். சுவிட்சை அணைக்காமலேயே, தண்ணீர் காய்ந்துவிட்டதா என்று வாளிக்குள் விரலை விட்டுப் பார்ப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ராடை எந்த விடுதியும் அனுமதிக்க வேண்டாம்.

ஆனால், தடை போட்டதோடு நிர்வாகம் ஒதுங்கிக்கொள்கிறது. தேவை அப்படியேதானே இருக்கிறது? என் மகள் கோவைப் பக்கம் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். மெஸ்ஸை இரவு எட்டரைக்கு மூடிவிடுவார்கள். மாதவிடாய் வயிற்றுவலிக்கு ஒத்தடம் கொடுக்க, வெந்நீர்ப் பையில் ஊற்றத் தண்ணீர் காய வைத்திருக்கிறாள். வார்டன் சோதனையில் கெட்டில் போனது, 500 ரூபாய் அபராதம் வந்தது. வெந்நீர் பிடிக்க அந்தத் தளத்தில் ஒரு இடம் இருந்திருந்தால், பணத்தைக் கட்டிவிட்டு மகளைத்தான் திட்டியிருப்பேன்.

செலவையும் பாருங்கள். 1,500 வாட் கெட்டில் ஐந்து நிமிடம் ஓடினால் ஆகும் மின்சாரம் அரைக்கால் யூனிட். யூனிட் 10 ரூபாய் என்றே வைத்துக்கொண்டாலும் ஒன்றேகால் ரூபாய். 750 வாட் அயர்ன் பாக்ஸில் ஒரு வாரத் துணியை அரை மணி நேரம் தேய்த்தால் நாலு ரூபாய்க்குள் அடங்கிவிடும். அதையே வளாகத்துக்குள் இருக்கும் தேய்ப்புக் கடையில் கொடுத்தால் உருப்படிக்கு 10 ரூபாய். கசங்கிய சட்டையோடு பிராக்டிகலுக்குப் போனால் திட்டு வேறு. இத்தனைக்கும் விடுதிக் கட்டணத்தில் ‘மின்கட்டணம்’ என்று தனியாக ஒரு தொகை வாங்குகிறார்கள். எந்த மீட்டரைப் பார்த்துப் போட்டது என்று ரசீதில் இல்லை.

அரசு விடுதிப் பிள்ளைகளின் பாடு இன்னும் இறுக்கம். ஆதிதிராவிடர் நல விடுதிகளில் கல்லூரி மாணவர்களுக்கான உணவுச் செலவுத் தொகையை 2023-இல் மாதம் 1,100 ரூபாயிலிருந்து 1,500 ஆக உயர்த்தினார்கள். மூன்று வேளைக்கும் சேர்த்து நாளுக்கு 50 ரூபாய். வளர்கிற பையன் ராத்திரி பசிக்கு இரண்டு முட்டை அவித்துக்கொண்டால் அதை ஒழுங்கீனம் என்று எழுதுவதா?

தடை போட்டால் பொருள் எங்கே போகும் என்பதையும் பார்த்திருக்கிறேன். ஒரு விடுதியில் அடிக்கடி கரன்ட் போகிறது என்று கூப்பிட்டார்கள். தேடிப் பார்த்தால், கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே, பழைய துண்டைச் சுற்றிய எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். பிளக் பின்கள் கருகி, பிளாஸ்டிக் இளகித் துண்டோடு ஒட்டியிருந்தது. மேலே பஞ்சு மெத்தை. மேசை மேல் இருந்திருந்தால் கருகல் வாடைக்கே யாராவது பிடுங்கிப் போட்டிருப்பார்கள்.

தளத்துக்கு ஒரு சின்ன அறை ஒதுக்கினால் போதும். மெயின் போர்டிலிருந்து தனியாக 4 சதுர மில்லிமீட்டர் காப்பர் ஒயர் இழுத்து, இரண்டு 15 ஆம்பியர் பாயின்ட்டுக்கு ஒரு சர்க்யூட், தலைமாட்டில், கரன்ட் கசிந்தால் உடனே நிறுத்திவிடும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி சுவிட்ச். இரண்டு தேய்ப்பு மேசை, சுவரில் ஒரு வெந்நீர்க் குழாய். கல்லூரி கட்டுகிறவர்களுக்கு இது ஒரு செலவே இல்லை. தேய்க்கிற பாயின்ட்டை இரவு பத்து மணிக்கு அணைத்துக்கொள்ளட்டும், வெந்நீரை மட்டும் விட்டுவைக்கட்டும். அப்புறம் அறையில் கெட்டில் பிடிபட்டால் தாராளமாக அபராதம் போடட்டும்.

இந்த ஆண்டு பிள்ளைகளைச் சேர்க்கிற பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். ஏசி அறையா, சாதா அறையா என்று விசாரிக்கும்போதே, துணி தேய்க்கவும் வெந்நீர் பிடிக்கவும் எந்தத் தளத்தில் இடம் இருக்கிறது என்று கேட்டு, போய்ப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு மாணவியின் தந்தை,
பல்லடம்.