அவங்க ரஷ்ய பாடகி இல்ல

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை மலர்ல ஜாம்நகர் மகாராஜா பத்தி முழுப்பக்கம் போட்டிருந்தீங்க, ரெண்டாம் உலகப்போர் நேரத்துல போலந்து அனாதை பசங்களுக்கு அவர் இடம் கொடுத்த கதை, நல்லாத்தான் இருந்துச்சு, கட் பண்ணிக்கூட வச்சிருக்கேன். ஆனா மூணாவது பத்தியில ஒரே ஒரு வரி, குழந்தைகளை கூட்டிட்டு வந்தவங்கள்ல "ரஷ்ய நாட்டுப் பாடகி ஒருவரும்" இருந்தாராம். அவ்ளோதான். பேர் கிடையாது. நாடும் தப்பு, அவங்க போலந்துப் பாடகி. காபி ஆறிப்போச்சு, நான் அந்த வரியையே பாத்துட்டு இருந்தேன். அவங்களை ரஷ்யாக்காரின்னு சொன்னா கல்லறையில இருந்து எந்திரிச்சு வந்து சண்டை போடுவாங்க ஐயா, ஏன்னா அவங்களை பிடிச்சுட்டு போய் உஸ்பெகிஸ்தான் பக்கம் வேலை செய்ய வச்சதே சோவியத் அரசாங்கம்தான்.

நான் யாருன்னா, ரிட்டயர்டு ஸ்டாஃப் நர்ஸ். 31 வருஷ சர்வீஸ், அதுல ஒம்பது வருஷம் டிபி வார்டு. இதை எதுக்கு சொல்றேன்னு பின்னாடி புரியும். பையன் வார்சாவில சாஃப்ட்வேர் வேலை, மருமகளுக்கு பிரசவம் பாக்க போய் அங்க நாலு மாசம் இருந்தேன். குளிர்ல வீட்டை விட்டு எங்கயும் போக முடியாது, பக்கத்து ஃப்ளாட்ல எம்பது வயசு பாட்டி ஒருத்தங்க இருந்தாங்க, எனக்கு போலிஷ் தெரியாது அவங்களுக்கு தமிழ் தெரியாது, ரெண்டு பேரும் ஃபோன்ல டிரான்ஸ்லேட் பண்ணி பண்ணியே பேசிக்குவோம். நான் இந்தியான்னு தெரிஞ்சதும் அந்தம்மா சொன்ன முதல் வார்த்தை மகாராஜா, ரெண்டாவது வார்த்தை ஓர்டோன்கா. மகாராஜாவாவது சரி, அங்க ஓஹோட்டா பகுதியில அவர் பேர்ல ஒரு ஸ்கொயரே இருக்கு, 2024 ஆகஸ்ட்ல நம்ம பிரதமர் போய் மாலை வச்சது எல்லா பேப்பர்லயும் வந்துச்சு. இந்த ஓர்டோன்கா யாருன்னுதான் எனக்கு தெரியல.

ஹாங்கா ஓர்டோனுவ்னா. செல்லமா ஓர்டோன்கா. ரெண்டுமே மேடைப் பேர்தான், நிஜப் பேர் மரியா அன்னா பியெத்ருஷின்ஸ்கா, 1902 செப்டம்பர் 25 வார்சாவில பிறந்தவங்க, அப்பா ரயில்வே தொழிலாளி. சின்னதுல பாலே ஸ்கூல்ல சேத்து விட்டிருக்காங்க. 1918ல, 16 வயசுல, ஸ்ஃபிங்க்ஸ்னு ஒரு காபரே மேடையில ஏறிட்டாங்க. காபரேன்னதும் நம்ம பழைய படத்துல வில்லன் உக்காந்து பாக்குற டான்ஸை நினைச்சுக்காதீங்க, நானும் அப்படித்தான் நினைச்சேன். அங்க காபரேன்னா பாட்டு, நையாண்டி, சின்ன நாடகம், அன்னன்னைக்கு அரசியலை கிண்டல் பண்றது எல்லாம் ஒரே ராத்திரியில. பாட்டு எழுதி கொடுத்தவங்களே சாதாரண ஆளுங்க இல்ல, யூலியான் துவிம், மரியான் ஹெமார்னு அந்த ஊர் பெரிய கவிஞருங்க.

வார்சாவில அப்ப பேர் போன காபரே க்வி ப்ரோ க்வோ, ஒரு ஷாப்பிங் காம்ப்ளெக்ஸுக்கு அடியில பேஸ்மென்ட்ல நடந்துச்சு. அங்கதான் ஃப்ரிடெரிக் யாரோஷின்னு ஒரு ஆள் வராரு, 1924ல, ஹங்கேரி வம்சாவளி, வர்றப்ப போலிஷே தெரியாது, கத்துக்கிட்டு அந்த தப்புத்தப்பான போலிஷ்லயே மேடையில நிகழ்ச்சியை தொகுத்து வழங்கி ஊரையே சிரிக்க வச்சாரு. அவரு கையில விழுந்தப்புறம்தான் இந்தப் பொண்ணு ஓர்டோனுவ்னா ஆனாங்கன்னு சொல்லணும். எப்படி நிக்கணும், கையை எங்க வைக்கணும், ஒரு சொல்லை எங்க நிறுத்தணும், எல்லாமே அவரு செதுக்குனது. ஏன்னா நேர்மையா சொல்லணும்னா அவங்களுக்கு குரல் பெருசா ஒண்ணும் கிடையாது. நம்ம காதுக்கு சங்கதியெல்லாம் தேடினா ஏமாந்து போவீங்க. பாதி பாடறாங்க பாதி பேசறாங்க, ஆனா மூணு நிமிஷத்துல ஒரு பொம்பளையோட முழு வாழ்க்கையும் வந்து உக்காந்துடுது. எனக்கு ஒரு வார்த்தை புரியாது, இருந்தும் அடுப்புல பால் பொங்கி வழிஞ்சது தெரியாம கேட்டுட்டு நின்னேன், மருமக வந்து ஆஃப் பண்ணா.

அந்தப் பாட்டு 1933ல வந்த ஒரு சினிமாவுக்காக. முகமூடி போட்ட உளவாளின்னு அர்த்தம் வர்ற படம், அதுல அவங்கதான் அந்த பெண் உளவாளி. படம் எப்படின்னு கேட்டா நான் பாக்கல, பாட்டு மட்டும்தான் தொண்ணூறு வருஷம் தாண்டி நிக்குது. துவிம் வேற பேர்ல எழுதுனது, மியூசிக் ஹென்ரிக் வார்ஸ். காதல் எல்லாத்தையும் உனக்கு மன்னிச்சிடும்னு ஆரம்பிக்கும். கல்யாண வீட்டுல போட்டாலும் சரி சாவு வீட்டுல போட்டாலும் சரி பொருந்துற மாதிரி ஒரு மெட்டு. இந்த வார்ஸ் பின்னாடி அமெரிக்கா போய் 1963ல வந்த ஃப்ளிப்பர் டால்பின் படத்துக்கெல்லாம் மியூசிக் போட்டாரு, அது தனிக்கதை.

1931ல மிஹாவ் திஷ்கியேவிச்னு ஒரு பிரபுவை கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க. ரயில்வேக்காரர் பொண்ணு, மேடையில பாடறவ, ஜமீன் குடும்பத்து மருமக. அவங்க வீட்டுல எப்படி முகத்தை தூக்கி வச்சிருப்பாங்கன்னு நான் சொல்லணுமா. ஆனா அந்த மனுஷன் கடைசி வரைக்கும் கூட இருந்தாரு, பொண்டாட்டி பாட ரெண்டு பாட்டு வரியும் எழுதிக் கொடுத்தாரு.

இப்ப என் சப்ஜெக்ட்டுக்கு வரேன். அவங்களுக்கு டிபி. 1930கள்லயே இருந்துச்சு. அந்தக் காலத்துல அதுக்கு மருந்தே கிடையாது ஐயா. நல்ல சாப்பாடு, மலைக்காத்து, படுக்கை, அப்புறம் ஊசி வழியா நெஞ்சுக்குள்ள காத்து ஏத்தி கெட்டுப்போன நுரையீரலை சுருங்க வச்சு ரெஸ்ட் கொடுக்கறது, இவ்ளோதான் வைத்தியம். டிபிக்கு வேலை செஞ்ச முதல் மருந்து ஸ்ட்ரெப்டோமைசினே 1943லதான் கண்டுபிடிச்சாங்க. என் வார்டுல இருந்த பேஷன்ட்டுங்க ஒரு வாக்கியம் முழுசா பேசி முடிக்கறதுக்குள்ள ரெண்டு தடவை மூச்சு வாங்குவாங்க, பேரைக் கேட்டா கையை காட்டி இருங்க சிஸ்டர்னு சைகை பண்ணிட்டு அப்புறம்தான் சொல்லுவாங்க. அந்த நுரையீரலை வச்சுக்கிட்டு ஒருத்தங்க மேடையில நின்னு பாடியிருக்காங்க. அந்த நிறுத்தி நிறுத்தி பாடற ஸ்டைல் இருக்கே, யாரோஷி சொல்லிக் கொடுத்தது எவ்ளோ, நுரையீரல் சொல்லிக் கொடுத்தது எவ்ளோன்னு எனக்கு ஒரு சந்தேகம். டாக்டருங்க யாராச்சும் இதைப் படிச்சா சிரிக்கலாம், பரவால்ல.

1939 செப்டம்பர்ல ஜெர்மன்காரன் உள்ள வந்துட்டான். ஓர்டோன்காவை கெஸ்டபோ, அதாவது ஹிட்லரோட ரகசியப் போலீஸ், பிடிச்சு பாவியாக் ஜெயில்ல போட்டுச்சு. காட்டிக் கொடுத்தது அவங்க கூடவே மேடையில ஜோடியா நின்ன இகோ ஸிம்ங்கற நடிகர்தான்னு வார்சாவில பேச்சு. அந்த ஆள் ஜெர்மன்காரனுக்கு வேலை பாத்ததால 1941 மார்ச் 7 அன்னைக்கு தலைமறைவு இயக்கத்துக்காரங்க வீட்டுக் கதவைத் தட்டி, திறந்ததும் சுட்டுட்டாங்க. ஓர்டோன்காவை புருஷன் எப்படியோ போராடி வெளிய எடுத்துட்டாரு, ரெண்டு பேரும் வில்னோ (இப்ப லித்துவேனியாவோட தலைநகர் வில்னியுஸ்) பக்கம் போனாங்க. அங்க சோவியத் படை வந்துச்சு. முதல்ல அவரை பிடிச்சாங்க, அப்புறம் இவங்களை. ஒரு வருஷத்துக்கு முன்னாடி பட்டுத் துணியில மேடையில நின்ன பொம்பளை, இருமிக்கிட்டே கூட்டுப்பண்ணை வேலை.

1941 ஜூன்ல ஹிட்லர் ரஷ்யாவை அடிச்சதுக்கு அப்புறம், ஜூலைல போலந்து அரசாங்கத்துக்கும் சோவியத்துக்கும் ஒரு ஒப்பந்தம் ஆச்சு, நாடு கடத்தப்பட்ட போலந்துக்காரங்களை விடுதலை பண்ணாங்க. இவங்க அப்ப நேரா புருஷனைத் தேடி ஓடியிருக்கலாம், இல்ல ராணுவத்து கூட பாட்டு பாடிட்டு பத்திரமா வெளிய வந்திருக்கலாம். ஆனா மத்திய ஆசியா முழுக்க ரயில்வே ஸ்டேஷன்லயும் தெருவுலயும் அப்பா அம்மா செத்துப்போன போலந்து பசங்க பேனும், பேனால பரவுற டைஃபஸ் காய்ச்சலுமா கிடந்தாங்க, அந்தப் பசங்க கூட நின்னுட்டாங்க. 1942ல பம்பாய்ல இருந்து போலந்து துணைத் தூதரகம் ஏற்பாடு பண்ண லாரிங்க நிவாரணப் பொருளை ஏத்திட்டு துர்க்மெனிஸ்தான்ல இருக்கற அஷ்கபாத் வரைக்கும் போச்சு, திரும்பி வர்றப்ப அதே லாரியில பசங்களை ஏத்துனாங்க. ஈரான்ல மஷ்ஹத், ஸாஹிதான், அப்புறம் குவெட்டா, அப்படியே பம்பாய். எல்லாம் மண்ணு ரோடு, மலை, பாலைவனம். பசங்களோட கிளம்புனவங்கள்ல ஓர்டோன்காவும் ஒருத்தங்க. உங்க கட்டுரையில வந்த அந்த ஒரு வரி இதுதான். பம்பாய் பாந்த்ராவுல கொஞ்ச நாள் இருந்துட்டு, ஜாம்நகர் பக்கம் கடலோரம் பாலாசடியில மகாராஜா கட்டிக் கொடுத்த முகாமுக்கு பசங்க போனாங்க, அவரை பாபுன்னு கூப்பிட்டாங்க. அந்த இடத்துல இப்ப சைனிக் ஸ்கூல் நடக்குது.

இங்க நர்ஸா எனக்கு ஒரு உறுத்தல் இருக்கு, அதையும் மறைக்க வேண்டாம். டிபி பேஷன்ட் ஒருத்தங்க, எலும்பும் தோலுமா இருக்கற பசங்க கூட மூடுன லாரியில நாள் கணக்கா வர்றதை என் சர்வீஸ்ல நான் ஒத்துக்கிட்டிருக்கவே மாட்டேன். பசங்களுக்கு ஒட்டிக்கும்னு கத்தியிருப்பேன். ஆனா அவங்களும் அந்த லாரியில ஏறலைன்னா அந்தப் பசங்களுக்கு வேற யாரு இருந்தான்னு கேட்டா பதில் இல்ல. பக்கத்து ஃப்ளாட் பாட்டிகிட்ட இதைக் கேட்டேன். அவங்க ஃபோன்ல ரொம்ப நேரம் டைப் பண்ணி காட்டுனது ஒரே வரி, நீங்க அப்ப பசியில இருந்திருந்தா இந்தக் கேள்வி வந்திருக்காது. நான் வாயை மூடிக்கிட்டேன்.

1943ல பெய்ரூட் போய் புருஷனோட சேந்துட்டாங்க. பெரிய மேடை கனவெல்லாம் முடிஞ்சு போச்சு, உடம்பு விடல. உக்காந்து ஒரு புஸ்தகம் எழுதுனாங்க, அந்தப் பசங்க பட்ட கஷ்டத்தை பத்தி, 1948ல பெய்ரூட்லயே அச்சாச்சு. அதுல ஓர்டோனுவ்னான்னு பேர் போட்டிருந்தா நல்லா வித்திருக்கும். போடல. வெரோனிகா ஹோர்ட்ங்கற புனைபேர்லதான் வந்துச்சு. வாழ்நாள் பூரா பேரை வச்சு பொழச்சவங்க அந்த ஒரு விஷயத்துல மட்டும் தன் பேரை ஒதுக்கி வச்சுட்டாங்க, சரி, அவங்க ஒதுக்குனாங்கன்னா நாமளும் ஒதுக்கணுமா என்ன.

1950 செப்டம்பர் 8, பெய்ரூட்லயே போய்ட்டாங்க. இன்னும் 17 நாள் இருந்திருந்தா 48 வயசு. என் வயித்தெரிச்சல் என்னன்னா, டிபிக்கு ஐசோநியாசிட் மாத்திரை புழக்கத்துக்கு வந்தது 1952. ரெண்டே வருஷம். அதுக்கு அப்புறம் 1956ல நம்ம மெட்ராஸ்ல ஆரம்பிச்ச ஆராய்ச்சியில, டிபிக்காரங்க சானடோரியத்துல படுக்காம வீட்டுல இருந்தே மாத்திரை சாப்பிட்டு குணமாகலாம்னு நிரூபிச்சாங்க, நாங்க நர்ஸிங் படிக்கறப்ப அதை பெருமையா சொல்லிக் கொடுப்பாங்க. கொஞ்சம் தள்ளிப் பிறந்திருந்தா கிழவியாகி டிவி பேட்டி கொடுத்திருப்பாங்க.

அவங்க உடலோட மிச்சத்தை 1990லதான் வார்சாவுக்கு கொண்டு வந்தாங்க, கம்யூனிஸ்ட் ஆட்சி போனப்புறம். பொவோஸ்கி கல்லறையில வச்சிருக்காங்க. நவம்பர் 1 அன்னைக்கு பாட்டி என்னை கூட்டிட்டு போனாங்க, அது அங்க எல்லாரும் செத்தவங்களுக்கு விளக்கு வைக்கிற நாள். மூடி போட்ட கண்ணாடி விளக்கு, சிவப்பு, மஞ்சள், பச்சை, ட்ராம்லயே ஜனங்க பை பையா தூக்கிட்டு வராங்க, கூடவே சாமந்திப்பூ தொட்டி. உள்ள போனா கண்ணுக்கு எட்டுன தூரம் வரைக்கும் விளக்கு, நம்ம கார்த்திகைதான், என்ன, எலும்பு வரைக்கும் குளிரும். வாசல்ல சினிமாக்காரங்க டிராமாக்காரங்க எல்லாம் தகர உண்டியலை வச்சுட்டு நிக்கறாங்க, பழைய கல்லறைங்களை ரிப்பேர் பண்ண காசு வசூல், 1975ல இருந்து வருஷா வருஷம் நடக்குதாம். பெரிய நடிகையாம் ஒருத்தங்க, மூக்கு சிவந்து போய் உண்டியலை குலுக்குறாங்க, நான் பத்து ஸ்வோத்தி, அந்த ஊர் காசு, போட்டேன், நெஞ்சுல ஒரு ஸ்டிக்கர் ஒட்டி விட்டாங்க. அந்த ஸ்டிக்கர் இன்னும் என் பென்ஷன் புக்ல இருக்கு.

ஓர்டோன்கா கிட்ட ஏற்கனவே முப்பது நாப்பது விளக்கு இருந்துச்சு. பாட்டி குனிய முடியாம என்னை வைக்கச் சொன்னாங்க. நான் வச்சேன், காத்துக்கு தீக்குச்சி மூணு அணைஞ்சுது. பின்னாடி பாட்டி அந்தப் பாட்டை மூக்காலயே முனகிட்டு நிக்கறாங்க, பக்கத்துல நின்ன காலேஜ் பையன் ஒருத்தன் வரி சொல்லி சேந்துக்கிட்டான்.

அதனால ஐயா, அடுத்த வாரம் திருத்தம்னு ஒரு பெட்டி போடுவீங்கல்ல, ராசிபலனுக்கு கீழ, அதுல ரெண்டு வரி போடுங்க. ரஷ்யா இல்ல, போலந்து. பேரு ஹாங்கா ஓர்டோனுவ்னா. கம்போஸ் பண்றவர்கிட்ட சொல்லிடுங்க, "னு"வுக்கு அப்புறம் "வ்" வரணும், அதை விட்டுட்டா பேரே மாறிப்போயிடும். ஃபோன்லதான் டைப் பண்ணேன், மத்த எழுத்துப்பிழை எது இருந்தாலும் நீங்களே பாத்துக்கோங்க.

இப்படிக்கு,
உங்கள் இருபது வருஷ வாசகி,
ஓய்வு பெற்ற செவிலியர், தஞ்சாவூர்