எது பலம் என்று கேட்ட மருமகளுக்கு

அன்புள்ள மருமகளே,

உன் பளுதூக்கும் போட்டி முடிந்து ஐந்து நாள் ஆகிறது. நேற்று இரவு நீ அனுப்பிய செய்தியில் ஒரே ஒரு வரி இருந்தது: "அத்தை, நான் பலசாலியே இல்லையா?" உடனே ஒரு சொல்லில் பதில் அனுப்பியிருக்கலாம். நீ அதை நம்பியிருக்க மாட்டாய், ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்று நினைத்திருப்பாய். அதனால்தான் உட்கார்ந்து விரிவாக எழுதுகிறேன். இதே கேள்வியோடு பாரின் (எடை மாட்டித் தூக்கும் இரும்புக் கம்பியின்) முன்னால் நிற்கும் மற்றப் பிள்ளைகளும் படிக்கட்டும் என்று பொதுவில் எழுதுகிறேன். நீ சரி என்று சொன்ன பிறகே எழுதுகிறேன்.

ஸ்னாட்ச்சில், அதாவது தரையிலிருந்து ஒரே வீச்சில் தலைக்கு மேல் எடுப்பதில், 56 கிலோ அழகாகப் போனது. முதலில் தோளுக்கும் (கிளீன்), பிறகு தலைக்கு மேலும் (ஜெர்க்) கொண்டுபோகும் கிளீன் அண்ட் ஜெர்க்கில் 72 கிலோவில் தொடங்கினாய். மூன்று முறையும் பார் உன் தோளுக்கு வந்தது. இரண்டு முறை தலைக்கு மேல் போகாமல் முன்னால் விழுந்தது. மூன்றாவது முறை போயே விட்டது, ஆனால் முழங்கை மடங்கியபடி நின்று பிறகு நிமிர்ந்தது. மூன்று நடுவர்களிடமிருந்து இரண்டு சிவப்பு (செல்லாது), ஒரு வெள்ளை (செல்லும்). ஜெர்க் ஒன்றுகூடச் சேராததால், இரண்டையும் கூட்டி வரும் மொத்தமும் இல்லாமல் போனது. "தூக்கிவிட்டேன் அத்தை, அவர்கள்தான் கொடுக்கவில்லை" என்று போனில் அழுதாய். மறுநாள் ஜிம்மில் உன் எடையே உள்ள ஒரு பெண் டெட்லிப்ட்டில் (தரையிலிருந்து இடுப்பளவுக்குத் தூக்கி நிற்பதில்) 120 கிலோ இழுப்பதைப் பார்த்திருக்கிறாய். உனக்கு 100 கிலோவே திணறல். இந்த இரண்டும் சேர்ந்துதான் இந்தக் கேள்வியாகியிருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

முதலில் நடுவர்கள். அவர்கள் செய்தது சரி. இதைச் சொல்வது எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சரி. இந்த விளையாட்டே ஒரு காலத்தில் "எதைத் தூக்கியதாகக் கொள்வது" என்று தெரியாமல் தவித்திருக்கிறது. 1972 மியூனிக் ஒலிம்பிக் வரை ஸ்னாட்ச், கிளீன் அண்ட் ஜெர்க் ஆகியவற்றோடு பிரஸ் என்று மூன்றாவதாக ஒன்றும் இருந்தது. பாரைத் தோளுக்குக் கொண்டுவந்து, காலை மடக்காமல், கை வலுவால் மட்டும் மேலே தள்ள வேண்டும். தோள் வலுவைக் காட்ட இதைவிட நேரான வழி இல்லை என்று தோன்றும். நடந்தது வேறு. வீரர்கள் இடுப்பை முன்னால் தள்ளி, முதுகைப் பின்னால் வளைத்து, ஏறக்குறைய மல்லாந்த நிலையில் பாரைத் தள்ளக் கற்றுக்கொண்டார்கள். எவ்வளவு வளைந்தால் தப்பு என்பதில் நடுவர்களுக்குள் ஒத்த கருத்து வரவே இல்லை. ஒரு மேடையில் வெள்ளை வாங்கிய லிப்ட் இன்னொரு மேடையில் சிவப்பு வாங்கியது. மியூனிக்கோடு பிரஸ்ஸை எடுத்துவிட்டார்கள். அந்த வரலாறு தெரிந்தால், முழங்கை விஷயத்தில் இன்றைக்கு ஏன் இவ்வளவு கறாராக இருக்கிறார்கள் என்பது புரியும். கை ஒரே வீச்சில் நிமிர வேண்டும், பாதங்கள் ஒரே வரிசைக்கு வர வேண்டும், உடல் அசையாமல் நிற்க வேண்டும், நடுவர் இறக்கச் சொல்ல வேண்டும். அங்கேதான் லிப்ட் முடிகிறது. இந்தக் கோடு இருப்பதால்தான் உன்னுடைய 56 கிலோ வேறெந்த ஊரில் எவர் தூக்கிய 56 கிலோவுக்கும் சமமாகிறது.

இப்போது அந்த டெட்லிப்ட். அந்தப் பெண்ணின் பலம் உண்மையானது. அதைக் குறைத்து ஒரு வார்த்தை சொல்லாதே. 120 கிலோவைத் தரையிலிருந்து எடுக்க முதுகும் தொடையும் பிடியும் எவ்வளவு உழைத்திருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஆனால் அவளுக்கு அவசரம் இல்லை. பார் மெதுவாக ஏறலாம், முழங்காலருகே திணறலாம், மூன்று நான்கு நொடி எடுத்துக்கொள்ளலாம். இடுப்பளவுக்கு வந்து நிமிர்ந்து நின்றால் போதும். உனக்கு அந்த நேரம் கிடையாது. ஸ்னாட்ச்சில் தரையை விட்டுக் கிளம்பிய பார் உன் கைகளில் பூட்டிக்கொள்ள ஏறக்குறைய ஒரு நொடிதான். அந்த ஒரு நொடிக்குள் உன்னால் எவ்வளவு விசையைத் தரைக்குள் செலுத்த முடிகிறது என்பதுதான் கணக்கு. அதிலும் பாரை நீ தலைக்கு மேல் இழுப்பதே இல்லை. நெஞ்சு உயரம் வரைதான் அது வருகிறது. மிச்சத் தூரத்துக்கு நீதான் அதன் அடியில் போகிறாய். உன் எடையைவிட அதிகமான இரும்பு காற்றில் இருக்கும்போது அதற்கடியில் பாய்ந்து உட்கார உடம்பு சம்மதிக்க வேண்டும். அந்தச் சம்மதத்தையும் நான் பலம் என்றே சொல்வேன். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் இந்த இரும்போடு இருந்துவிட்டு இதைச் சொல்கிறேன்.

அதற்காக டெட்லிப்ட்டும் ஸ்குவாட்டும் (பாரைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுவது) உனக்கு வேண்டாம் என்று எடுத்துக்கொள்ளாதே. கிளீனில் 72 கிலோவோடு எழுந்து நிற்கவே கால்கள் திணறினால், ஜெர்க்குக்கு ஒன்றும் மிஞ்சாது. உன் ஸ்குவாட் இன்னும் ஏற வேண்டும். அது வேறு பேச்சு, நேரில் பேசுவோம்.

நம் ஊரில் தாத்தா காட்டிய இளவட்டக்கல் உனக்கு நினைவிருக்கும். கோயில் பக்கத்தில் பாதி மண்ணில் புதைந்து கிடக்குமே, அது. உருண்டையான, வழுவழுப்பான கல். பிடிக்க ஒரு விளிம்பு கிடையாது. குந்தி உட்கார்ந்து, இரு கைகளாலும் அணைத்து, தொடை மேல் ஏற்றி, நெஞ்சோடு சேர்த்து எழுந்து, தோளுக்குக் கொண்டுபோய்ப் பின்னால் எறிய வேண்டும். கல்லூரி நாட்களில் நான் நன்றாகத் தூக்கிக்கொண்டிருந்த சமயம், ஒரு பொங்கலுக்கு வந்தபோது சிறிய கல்லைத் தூக்கிப் பார்த்தேன். என் கிளீனில் ஏறும் எடையைவிட அது குறைவுதான். தொடைக்கு மேல் வரவில்லை. பனையேறிப் பழகிய ஒரு சித்தப்பா, பாரையே தொட்டறியாதவர், பக்கத்துப் பெரிய கல்லைத் தோளில் ஏற்றிவிட்டு வேட்டியைத் தட்டிக்கொண்டு போனார். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை, உன்னைப் போலவே. கல் கேட்பது அணைக்கும் கைகளையும் வளைந்த முதுகையும். பார் கேட்பது நேரான முதுகையும் வேகத்தையும். எதைத் தூக்குகிறோமோ அதுதான் தனக்கு வேண்டிய பலம் எது என்று சொல்கிறது. சித்தப்பாவும் நானும் இரண்டு வேறு கேள்விகளுக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தோம் என்பது எனக்குப் பல வருடங்கள் கழித்துத்தான் விளங்கியது.

எடைக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், நீ அதையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறாய். 1988 சியோல் ஒலிம்பிக்கில் துருக்கியின் நயீம் சுலேமானோக்லு 60 கிலோ பிரிவில் 190 கிலோவை ஜெர்க் செய்தார். ஐந்தடிக்கும் குறைந்த உயரம். தன் எடையைப் போல் மூன்று மடங்குக்கும் மேல். அவருடைய மொத்தம் 342.5 கிலோ. அடுத்த மேல் பிரிவில் தங்கம் வாங்கியவரின் மொத்தமே 340தான். ஜார்ஜியாவின் லாஷா தலகாட்ஸே 2021இல் தாஷ்கண்டில் 267 கிலோ ஜெர்க் செய்தார். போட்டி மேடையில் அதற்கு மேல் யாரும் தூக்கியதில்லை. ஆனால் அவர் எடை 180 கிலோ அளவில் இருக்கும், ஒன்றரை மடங்குதான் வரும். (2013இல் ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கி இரண்டு ஆண்டு தடை பெற்றவர் அவர் என்பதையும் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. ஜிம்மில் யாராவது ஊசியோ மாத்திரையோ நீட்டினால் எனக்கு அன்றைக்கே தெரிய வேண்டும்.) தசையின் வலு அதன் குறுக்குவெட்டுப் பரப்பைப் பொறுத்து வளர்கிறது. உடம்பின் எடையோ கன அளவைப் பொறுத்து அதைவிட வேகமாக வளர்ந்துவிடுகிறது. அதனால் சிறிய உடம்புக்கு மடங்குக் கணக்கில் எப்போதும் சாதகம். இதைச் சரிக்கட்டத்தான் கனடாவின் ராய் சின்கிளேர் பெயரில் ஒரு சூத்திரமே இருக்கிறது. என்னைக் கேட்டால், எடைப்பிரிவு என்று ஒன்று இருப்பதே போதும். உன் பக்கத்தில் நிற்பவள் உன் அளவுள்ளவள். அவளோடு ஒப்பிட்டுப் பார்.

கடைசியாக, உன் மொத்தத்துக்கு நேரே ஒன்றும் எழுதப்படாத அந்தக் கட்டம். 2016 ரியோவில் மீராபாய் சானுவுக்கு ஆறு முயற்சிகளில் ஒன்றுதான் சரியாக அமைந்தது. ஜெர்க் மூன்றும் தவறின, மொத்தம் இல்லை. உனக்கு நடந்தது அவருக்கு ஒலிம்பிக்கில் நடந்தது. அடுத்த ஆண்டே 194 கிலோவோடு உலக சாம்பியன். டோக்கியோவில் 202 கிலோ, வெள்ளி. பாரிஸில் 199 கிலோ, ஒரே ஒரு கிலோவில் வெண்கலம் கைநழுவியது. ஒரு காலத்தில் 119 கிலோ ஜெர்க் செய்து உலக சாதனை படைத்தவருக்கு, அன்று 114 ஏறவில்லை. வேலூர் சத்துவாச்சாரியின் சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் விளையாட்டில் 328 கிலோவுக்குத் தங்கம் வாங்கினார். நான்கு ஆண்டு கழித்துக் கோல்டுகோஸ்ட்டில், தொடைக் காயத்தோடு போய், 317 கிலோவுக்குத் தங்கம் வாங்கினார். முன்னதைவிட 11 கிலோ குறைவு. எதில் அவர் அதிக பலசாலி என்று கேட்டால் எனக்குத் தெளிவான பதில் உண்டு, கோல்டுகோஸ்ட்டில்தான். காயம்பட்ட உடம்பு அன்றைக்கு எவ்வளவு தரும் என்று அறிந்து, அதை முழுவதுமாக மேடையில் வைத்தாரே, அதனால்.

இங்கேதான் உன்மேல் எனக்குக் கோபம். போட்டிக்கு முந்திய மூன்று நாள் நீ சரியாகச் சாப்பிடவில்லை என்று மதினி சொன்னார்கள். 53 கிலோ பிரிவுக்குள் நுழைய இரண்டு கிலோ இறக்கியிருக்கிறாய். எடை பார்க்கத் தொடங்கிய இரண்டு மணி நேரத்தில் போட்டி ஆரம்பித்துவிடும். இழந்ததை அதற்குள் உடம்பு எங்கிருந்து திரும்பப் பெறும்? ஸ்னாட்ச் முடியும்வரை தாக்குப்பிடித்தாய். ஜெர்க் வந்தபோது கால்கள் காலியாகிவிட்டன. ஜெர்க் கை வேலை என்று நீ இன்னும் நினைக்கிறாய். ஒரு சாணுக்கும் குறைவாக முழங்கால் மடங்கி, முதுகு சாயாமல், சட்டென்று காலால் உதைக்கும் அந்த உதைதான் பாரை அனுப்புகிறது. உதை சிறியதானால் பார் நெற்றி உயரத்திலேயே தயங்கும், மீதியைக் கை தள்ளப் பார்க்கும், முழங்கை மடங்கும். உன் மூன்றாவது முயற்சியில் நடுவர்கள் பார்த்தது அதைத்தான். அடுத்த போட்டிக்கு 58 கிலோ பிரிவில் பெயர் கொடு. 55 கிலோ எடையோடு, வயிறு நிறைந்து போய் நில்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு வந்துவிடு. 15 கிலோ வெறும் பாரில் தொடங்குவோம், ஜெர்க் மட்டும். இட்லி சாப்பிட்டுவிட்டு வா. பயிற்சி நோட்டையும் கொண்டு வா. மூன்றாவது முயற்சியின் வீடியோவை அழித்துவிட்டேன் என்று சொன்னாய். உன் அப்பாவிடம் அது இருக்கிறது. அன்று மாலையே எனக்கு அனுப்பிவிட்டான். நான் இதுவரை பதினோரு முறை பார்த்துவிட்டேன், உன் கிளீனில் ஒரு குறையும் இல்லை.

அன்புடன்,
அத்தை