பச்சைப் பூசணியைத் தூக்கிப் போடாதே அம்மு

அன்புள்ள அம்மு,

படம் பார்த்தேன். அக்டோபர் முடியப் போகிறது, காய் இன்னும் பச்சையாகவே கிடக்கிறது, உறைபனி விழுவதற்குள் எல்லாவற்றையும் உரக்குழியில் தள்ளிவிடலாம் என்று மாப்பிள்ளை சொல்கிறார் என எழுதியிருந்தாய். வேண்டாம்மா. முற்றியது வீட்டுக்குள்ளேயே பழுக்கும், முற்றாதது இன்றைக்கே சமையலுக்கு ஆகும்.

எது எது என்று பார்க்க நகம் போதும். தோலில் கட்டை விரல் நகத்தை அழுத்து. பிறை மாதிரி தடம் விழுந்து ஈரம் கசிந்தால் அது பிஞ்சு, எத்தனை நாள் வைத்தாலும் பழுக்காது, சுருங்கி அழுகத்தான் செய்யும். நகம் இறங்காமல் வழுக்கினால், காம்பும் காய்ந்து கட்டை மாதிரி ஆகியிருந்தால், தைரியமாக உள்ளே எடுத்து வை. தரையில் பட்டுக் கிடந்த பக்கத்தையும் திருப்பிப் பார், அங்கே லேசாக மஞ்சளோ ஆரஞ்சோ தெரிந்தால் அது பெரும்பாலும் நிறம் மாறும்.

இங்கே பினாங்கில் பனியில்லை, ஆனால் செப்டம்பர் அக்டோபரில் கொட்டுகிற மழையில் தரையில் கிடக்கிற காய் அடியிலேயே அழுகிவிடும், அதனால் உன் தாத்தா பழுக்கிற வரை காத்திருக்க மாட்டார், நாலு விரல் நீளத்துக்குக் காம்பை விட்டுக் கத்தியால் அறுத்துக் கொண்டுவந்து விடுவார். நீயும் அப்படியே செய். காம்பைப் பிடித்து மட்டும் தூக்காதே, அது ஒடிந்தால் அந்த இடத்தில்தான் முதலில் அழுகல் பிடிக்கும். மண்ணைத் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, வெயில் விழுகிற ஜன்னல் பக்கம் அட்டை விரித்து ஒன்றோடு ஒன்று உரசாமல் வை. 27, 28 டிகிரி சூடு இருந்தால் பத்து நாளில் தோல் இறுகிவிடும். உன் வீட்டில் அவ்வளவு இருக்காது, பரவாயில்லை, கூடுதலாகச் சில வாரம் ஆகும், அவ்வளவுதான். ஹீட்டர் மேலேயே மட்டும் வைத்துவிடாதே. இரண்டு நாளுக்கு ஒருமுறை பச்சைப் பக்கம் வெளிச்சத்தைப் பார்க்கிற மாதிரி திருப்பி வை. வெட்டிவிட்டால் அதற்கப்புறம் பழுக்காது, அதனால் உள்ளே எப்படி இருக்கிறது என்று பார்க்க ஆசைப்படாதே.

நிறம் வந்த பிறகு குளிர்ச்சியான, காற்றோட்டமான அறைக்கு மாற்று, 10 முதல் 15 டிகிரி வரை சரியாக இருக்கும். முழுக்காயை ஃப்ரிட்ஜில் வைத்தால் அந்தக் குளிரே அதைக் கெடுத்துவிடும். ஆப்பிள் கூடையையும் பக்கத்தில் வைக்காதே, அதிலிருந்து வருகிற எத்திலீன் வாயு சேர்த்து வைத்த காயைச் சீக்கிரம் கெடுக்கும். கொடியில் பழுத்த இனிப்பு இதில் அப்படியே வராது. குழம்புக்குத் தாராளமாகப் போதும், தேங்காய்ப்பாலும் குலா மெலாக்கா வெல்லமும் சேர்த்துக் காய்ச்சினால் அந்தக் குறையும் தெரியாது.

பிஞ்சு விஷயத்தை அம்மாவிடம் கேட்டேன். தோல் சீவ வேண்டாம், விதையும் இளசுதான், பொடியாக நறுக்கி, வெங்காயம், பச்சைமிளகாய், மஞ்சள்தூள் போட்டு, முதலில் வறுத்தெடுத்த நெத்திலியைக் கடைசியில் கலந்து பிரட்டச் சொன்னாள், தண்ணீர் ஊற்றவே கூடாதாம், காயே விடுமாம். மாப்பிள்ளைக்கு நெத்திலி ஆகாதென்றால் கடலைப்பருப்பு போட்டுக் கூட்டு வை. கொடி நுனிக் கொழுந்தையும் பனி கருக்குவதற்குள் கிள்ளிக்கொள், நார் உரித்து இறால் போட்டுத் தேங்காய்ப்பாலில் வைத்தால் இங்கே பினாங்கு சவுராஸ்தா மார்க்கெட்டில் கட்டுக் கட்டாக வாங்கி வந்து சமைப்போமே, அதே ருசிதான்.

ஒன்று மட்டும் கவனம். சமைப்பதற்கு முன் ஒவ்வொரு காயிலும் சின்னத் துண்டு நாக்கில் வைத்துப் பார், கசந்தால் துப்பிவிட்டு அந்தக் காயை அப்படியே எறிந்துவிடு, கசப்புப் பூசணி வயிற்றைப் பாடாய்ப் படுத்தும், வேகவைத்தாலும் போகாது.

இன்று இரவே குளிர் இறங்கும் என்றால் இருட்டுவதற்குள் எல்லாவற்றையும் அறுத்துவிடு. நகம் போட்டுப் பார்த்துவிட்டு எத்தனை தேறியது என்று வாட்ஸ்அப்பில் அனுப்பு, அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

அன்புடன்,
அப்பா