அந்தச் சதவீதம் எந்த ஆண்டுக் கணக்கு?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த தைராய்டு கட்டி பற்றிய கட்டுரையைப் படித்தேன். ஊசிப் பரிசோதனையில் 'பெதெஸ்டா 3' (முடிவுகளைப் பிரிக்கும் ஆறு வகைகளில் மூன்றாவது, அதாவது தெளிவாகச் சொல்ல முடியாத வகை) என்று வந்தால், அது புற்றுநோயாக இருக்க 5 முதல் 15 சதவீதம் வாய்ப்பு என்று அதில் இருந்தது. அந்த எண், இந்த வகைகளை விளக்கும் பெதெஸ்டா கையேட்டின் முதல் பதிப்புக் கணக்கு. அதற்குப் பிறகு நிறைய மாறிவிட்டது. எங்கள் வீட்டில் இந்த எண்ணால் மூன்று வாரம் யாருக்கும் தூக்கமில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

போன வருடம் என் அக்காவுக்குக் கழுத்தில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி. எச்சில் விழுங்கினால் மேலே ஏறி இறங்கும். ஸ்கேன் எடுத்தார்கள், ஊசியால் உறிஞ்சினார்கள், ரிப்போர்ட் வந்தது: பெதெஸ்டா 3. அடியில் பொடி எழுத்தில் 5–15%. இன்னொருவரிடமும் கேட்டுவிடலாம் என்று அதே கண்ணாடித் தகடுகளை வாங்கிக்கொண்டு வேறோர் ஊருக்குப் போனோம். அங்கேயும் மூன்றாம் வகைதான். ஆனால் அடியில் 10–30% என்று இருந்தது. அக்கா இரண்டு எண்ணையும் பென்சிலால் வட்டம் போட்டு, "பத்து நாள்ல இது ரெண்டு மடங்காயிடுச்சா?" என்று கேட்டாள். அவளுக்குப் பதில் சொல்ல எங்களில் யாருக்கும் தெரியவில்லை.

அப்புறம்தான் விஷயம் புரிந்தது. 2007இல் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்திலுள்ள பெதெஸ்டாவில் நடந்த கூட்டத்தில் உருவானவை இந்த ஆறு வகைகள். ஒவ்வொரு வகைக்கும் ஒரு புற்றுநோய் சதவீதம். ஊசியில் ஒரு வகை என்று வந்தவர்களில் எத்தனை பேருக்கு ஆபரேஷனுக்குப் பிறகு புற்றுநோய் என்று உறுதியானதோ, அதை வைத்துப் போடும் கணக்கு அது. ஊசியின் ரிப்போர்ட்டுக்கு ஆபரேஷன் ரிப்போர்ட்தான் விடைக்குறிப்பு.

அந்த விடைக்குறிப்பையே 2016இல் திருத்தினார்கள். பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் யூரி நிக்கிஃபோரோவ் தலைமையில், 7 நாடுகளைச் சேர்ந்த 24 பேத்தாலஜிஸ்டுகள் (திசுவை ஆராய்ந்து நோயைச் சொல்லும் மருத்துவர்கள்) ஒரு குறிப்பிட்ட கட்டியை எடுத்து ஆராய்ந்தார்கள். முழு உறைக்குள் அடங்கி, உறையைத் துளைக்காமல், ஆனால் செல்லின் உட்கருவில் மட்டும் பாப்பில்லரி என்ற தைராய்டு புற்றுநோய் வகையின் சாயல் காட்டும் கட்டி. அதுவரை அதற்கும் புற்றுநோய் என்றே பெயர். அப்படிப்பட்ட 109 பேரை 10 முதல் 26 ஆண்டுகள் வரை பின்தொடர்ந்து பார்த்ததில் எல்லோரும் உயிரோடு இருந்தார்கள், ஒருவருக்கும் நோய் திரும்பவில்லை. இத்தனைக்கும் அவர்களில் யாருக்கும் ரேடியோ அயோடின் என்ற கதிரியக்க மருந்து கொடுக்கவில்லை. ஆகவே 'புற்றுநோய்' என்ற சொல்லை எடுத்துவிட்டு, சுருக்கமாக 'நிஃப்ட்-பி' என்று பெயர் வைத்தார்கள்.

விடைக்குறிப்பு மாறினால் மதிப்பெண்ணும் மாறத்தானே செய்யும்? 2017இல் வந்த இரண்டாம் பதிப்பு இரண்டு நிரலாகவே எண்களைக் கொடுத்தது. நிஃப்ட்-பியையும் புற்றுநோயில் சேர்த்தால் மூன்றாம் வகைக்கு 10–30, சேர்க்காவிட்டால் 6–18. ஐந்தாம் வகை 50–75இலிருந்து 45–60க்கு இறங்குகிறது. ஆறாம் வகையில் பெரிய மாற்றமில்லை, 97–99 என்பது 94–96 ஆகிறது. நிஃப்ட்-பியின் செல்கள் அரைகுறைச் சாயல்தான் காட்டும் என்பதால், அவை பெரும்பாலும் 3, 4, 5 ஆகிய நடுவகைகளில்தான் போய் விழுகின்றன. 2023இல் மூன்றாம் பதிப்பும் வந்துவிட்டது. அதில் மூன்றாம் வகைக்குச் சராசரி 22, எல்லை 13–30.

இன்னொன்றையும் யாராவது நோயாளியிடம் சொல்ல வேண்டும். மூன்றாம் வகை வந்த எல்லோருக்கும் ஆபரேஷன் நடப்பதில்லை. பலருக்கு மறுபடி ஊசி போட்டுப் பார்த்துவிட்டு, ஸ்கேனில் கவனித்து வருவார்கள். சந்தேகம் கூடுதலாக உள்ளவர்களே ஆபரேஷனுக்குப் போகிறார்கள். அவர்களை மட்டும் எண்ணி எடுத்த சதவீதம், மூன்றாம் வகைக்காரர் எல்லோருக்கும் பொருந்தாது. கொஞ்சம் அதிகமாகவே காட்டும். தவிர, ஆசிய நாடுகளின் ரிப்போர்ட்டுகளில் நிஃப்ட்-பி அமெரிக்காவில் வருவதைவிடக் குறைவு. அங்கே நிரலுக்கு நிரல் தெரியும் இறக்கம் இங்கே அவ்வளவு இருக்காது.

பெயர் மாறிவிட்டதே, கத்தியே வேண்டாமா என்றால் அப்படியும் இல்லை. உறை முழுசாக இருக்கிறதா என்பது ஊசிக்குத் தெரியாது. கட்டியை எடுத்து, உறையைச் சுற்றிலும் வெட்டிப் பார்த்தால்தான் நிஃப்ட்-பி என்று சொல்ல முடியும். ஆனால் தைராய்டில் பாதியை எடுத்தாலே போதும். அக்காவுக்கு அப்படித்தான் செய்தார்கள். முடிவும் நிஃப்ட்-பிதான்.

எங்கள் பெரியம்மா மகளுக்கு 2011இல் வந்ததும் உறையைத் தாண்டாத இதே போன்ற கட்டிதான். பழைய ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தோம். அவளுக்கு முழுத் தைராய்டையும் எடுத்து, ரேடியோ அயோடின் கொடுத்துத் தனி அறையில் வைத்தார்கள். மூன்று வயதுக் குழந்தையைக் கதவுக்கு வெளியே நிறுத்தித்தான் காட்டினோம். இன்றும் விடிந்ததும் வெறும் வயிற்றில் மாத்திரை. அன்றைய மருத்துவர்களைக் குறை சொல்ல மாட்டேன், அன்றைக்குத் தெரிந்தது அவ்வளவுதான். இன்றைக்குத் தெரிந்த பிறகும் பழைய சதவீதத்தையே அச்சடித்துக் கொடுப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

சதவீதம் போடும் லேப்கள் பக்கத்திலேயே எந்தப் பதிப்பு, நிஃப்ட்-பி சேர்த்தா சேர்க்காமலா என்று ஒரு வரி போடட்டும். நீங்களும் அடுத்த இதழில் அந்த இரண்டு நிரலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு பெட்டிச் செய்தியாக வெளியிடுங்கள். கையில் பென்சிலோடு உட்கார்ந்திருக்கும் யாராவது ஒருவருக்கு அது உடனே தேவைப்படும்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி,
திருச்சி