செயின்சாவா, வட்ட ரம்பமா: அப்பாவுக்கு ஒரு கடிதம்

பின்லாந்து,
மார்ச் மாதம்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்களும் அம்மாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன முறை பேசும்போது, "அங்கே உனக்கு என்னதான் வேலை?" என்று கேட்டீர்கள். அதற்குள் அம்மா போனை வாங்கிக்கொண்டதால் சரியாகச் சொல்ல முடியவில்லை. நீங்கள் மர மில்லில் ரம்பத்தோடு வாழ்ந்தவர் என்பதால் விவரமாகவே எழுதுகிறேன். ஒரு விஷயத்தில் உங்கள் யோசனையும் வேண்டும்.

இந்த நாட்டு நிலத்தில் நான்கில் மூன்று பங்கு காடு. வீட்டைச் சூடாக்க மின்சாரம் இருந்தாலும் கிராமங்களில் விறகு இல்லாமல் குளிர்காலம் கழியாது. சூடான கல்லில் தண்ணீர் ஊற்றி ஆவியில் உட்காரும் சௌனா அறைக்கும் பல வீடுகளில் விறகுதான். நான் இருக்கும் பண்ணையில் அந்த விறகைத்தான் அறுத்துப் பிளந்து விற்கிறோம். பெரும்பாலும் பிர்ச் மரம். அதன் வெள்ளைப் பட்டை ஈரமாக இருந்தாலும் தீப்பிடித்துக்கொள்ளும். கட்டை நன்றாக எரிய வேண்டுமானால் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இறங்க வேண்டும். அதனால் வசந்தத்துக்குள் பிளந்து அடுக்கிவிட்டு, கோடை முழுக்கக் காயவிடுகிறோம். விற்பதெல்லாம் கன மீட்டர் கணக்கில்தான். ஆனால் எப்படி அளக்கிறோம் என்பதைப் பொறுத்துச் சரக்கு மாறிவிடும். சும்மா கொட்டி அளந்தால் ஒரு கன மீட்டரில் உண்மையான மரம் 0.4 கன மீட்டர் அளவுக்குத்தான் இருக்கும். நெருக்கி அடுக்கினால் 0.67 வரை வரும். எந்த அளவு என்று கேட்காமல் வாங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது, நானே எடுத்துச் சொல்லிவிடுவேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். முதலாளி புது விறகு இயந்திரம் வாங்கப் போகிறார். இந்த இயந்திரங்களைச் செய்வதில் இந்த நாட்டுக்காரர்கள் கெட்டிக்காரர்கள். ஹக்கி பில்கே, பாலாக்ஸ், யாபா எல்லாம் இங்கே உருவானவைதான். டிராக்டரின் பின்தண்டோடு இணைத்தால் ஓடும். முழு மரத்தை ஒரு பக்கம் ஏற்றினால், இயந்திரம் துண்டு போட்டு, துண்டைத் தொட்டியில் விழவைத்து, ஹைட்ராலிக் தண்டால் ஆப்பின் மேல் தள்ளி நாலாகவோ ஆறாகவோ பிளந்து, கன்வேயரில் ஏற்றி வெளியே கொட்டிவிடும். பிளக்கிற பகுதியில் வகைக்கு வகை பெரிய வேறுபாடு இல்லை. அறுக்கிற பகுதியில்தான் குழப்பம். ஒன்றில் செயின்சாவின் இரும்புப் பட்டையும் அதைச் சுற்றி ஓடும் பல் வைத்த சங்கிலியும் இருக்கும், இன்னொன்றில் வட்ட ரம்பம்.

வட்ட ரம்பத்தின் குணம் உங்களுக்குத் தெரியும். கனமான தகடு ஒரே வேகத்தில் சுற்றுவதால் மெல்லிய மரத்தில் சர்ரென்று இறங்கிவிடும். சங்கிலிக்கு ஊற்றுவதுபோல எண்ணெய் ஊற்ற வேண்டாம். பொதுவாக வெட்டு மெல்லியது, தூள் குறைவு. பல் மிகக் கெட்டியான கார்பைட் என்பதால் மரப்பட்டையில் ஒட்டிய மணலுக்கும் சட்டென்று மழுங்காது. ஆனால் நடுவில் அச்சு இருப்பதால் தகட்டின் விட்டத்தில் மூன்றில் ஒரு பங்கைச் சற்று ஒட்டித்தான் ஆழம் கிடைக்கும். 700 மி.மீ. தகடு என்றால் 25 செ.மீ. மரத்தோடு சரி. அதைவிடத் தடித்த மரத்துக்குத் தகடு பெரிதாக வேண்டும். தகடு பெரிதானால் இயந்திரமும் கனக்கும், இழுக்கிற சக்தியும் கூடுதலாக வேண்டும். சும்மா சுற்றும்போதே அது போடும் சத்தத்தில் காதுக்கவசம் இல்லாமல் பக்கத்தில் நிற்க முடியாது.

செயின்சா வகையில் அச்சுத் தொல்லை இல்லை. இரும்புப் பட்டையின் நீளம் இருக்கும்வரை மரம் தடிப்பாக இருக்கலாம், இயந்திரமும் அடக்கமாக இருக்கும். கோணல் மரத்தையும் சமாளிக்கும். ஆனால் சங்கிலிக்கு எண்ணெய் சொட்டிக்கொண்டே இருக்க வேண்டும். பனியில் இழுத்து வந்த மரத்தின் பட்டையில் மண்ணும் பொடிக்கல்லும் உறைந்து ஒட்டியிருக்கும், அதில் பட்டால் முனை போய்விடும். மழுங்கிய சங்கிலி சிறு சீவலுக்குப் பதிலாக மாவு போன்ற தூளைத் தள்ளும், இரும்புப் பட்டை சூடாகும், வெட்டு வளையும். அப்புறம் ஒன்று. சங்கிலி அறுந்தால் துண்டு துப்பாக்கிக் குண்டுபோலப் பறக்கும். அதனால் இரும்புப் பட்டைக்கு நேர்க்கோட்டில் நான் யாரையும் நிற்கவிடுவதில்லை. பாலிகார்பனேட் என்ற கெட்டிப் பிளாஸ்டிக் மறைப்பு இருக்கிறதே என்றாலும் விடுவதில்லை.

முனை தீட்டுவதில்தான் எனக்கு முடிவு பிறந்தது. கார்பைட் பல்லைச் சாதாரண அரம் தொடாது, வைரச் சக்கரம் வேண்டும். தகட்டைக் கழற்றித் தீட்டுகிற இடத்துக்கு அனுப்ப வேண்டியதுதான். மாற்றுத் தகடு இல்லையென்றால் அதுவரை இயந்திரம் சும்மா நிற்கும். ஒரு ஆணி புதைந்த மரம் வந்தால் பல்லே தெறிக்கும். சங்கிலி என்றால் இன்னொன்றை மாட்டிவிட்டு வேலையைத் தொடரலாம், மழுங்கியதை மாலையில் வட்ட அரத்தால் நானே தீட்டிவிடுவேன். எல்லாப் பல்லும் ஒரே நீளத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வெட்டு ஒரு பக்கம் இழுக்கும் என்பதை உங்களைப் பார்த்துத்தான் கற்றேன்.

முதலாளிக்கு வட்ட ரம்பத்தின் வேகத்தில் ஆசை. காட்டின் நெருக்கத்தைக் குறைக்க இடையிடையே வெட்டிய மெல்லிய, நேரான மரம் மட்டும் வந்தால் நானும் அதையே சொல்லியிருப்பேன். அந்த வேலையில் சங்கிலி அதோடு போட்டியிட முடியாது. ஆனால் இங்கே வருவது அப்படியில்லை. வயல் ஓரத்து வயதான பிர்ச்சும் காற்றில் விழுந்த மரமும்தான் குவியலில் நிறைய. அடிக்கட்டை 35, 40 செ.மீ. கூட இருக்கும், கிளை முட்டும் வளைவும் அதிகம். அவற்றைத் தனியே ஒதுக்கிக் கையில் செயின்சாவைப் பிடித்து அறுக்க வேண்டியிருந்தால் வேகமாக ஓடும் இயந்திரத்தை வாங்கி என்ன பயன்? அதனால் செயின்சா வகையே வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். கூடவே ஒரு நிபந்தனையும் போட்டேன்: மரத்தை இழுத்து வரக் கூடாது, தூக்கி வந்து தரையில் படாமல் கட்டை வைத்து அடுக்க வேண்டும். ஒப்புக்கொண்டார்.

உங்களிடம் கேட்க நினைத்தது இதுதான். உறைந்த மரம் இரும்பாய் இருக்கிறது. சங்கிலிப் பல்லை வழக்கமான 30 டிகிரிக்குப் பதிலாக 25 டிகிரியில் தீட்டினால் வேகம் கொஞ்சம் குறைந்தாலும் முனை நிற்கிறது. கெட்டி மரம் அறுக்கும்போது மில்லில் பல்லின் சாய்வை நீங்கள் எப்படி வைப்பீர்கள்? பல் எவ்வளவு ஆழம் கடிக்கும் என்பதைக் கட்டுப்படுத்த அதன் முன்னால் இருக்கும் ஆழ மட்டத்தையும் அதிகம் அராவாமல் உயரமாகவே விட்டுவிடலாமா? நிதானமாக யோசித்து எழுதுங்கள். அடுத்த சங்கிலியைத் தீட்டுவதற்குள் கிடைத்தால் நல்லது.

அம்மாவிடம், நான் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன், கையுறை இல்லாமல் வேலைக்கு இறங்குவதில்லை என்று சொல்லுங்கள்.

உங்கள் அன்பு மகன்