கார் நிற்கும் தளம்: கல்லுக்கு அடியில் என்ன?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீடு கட்டுவோருக்கென நீங்கள் ஒதுக்கும் பக்கத்தில், கேட்டிலிருந்து போர்டிகோ வரைக்குமான தளம் பற்றிய கட்டுரையைப் படித்தேன். தரையில் அடுக்கும் கான்கிரீட் கல்லான பேவர் பிளாக்கில் எத்தனை நிறம், எத்தனை வடிவம் என்று படங்களோடு விரிவாகப் போட்டிருந்தீர்கள். ஆனால் அந்தக் கல்லுக்கு அடியில் என்ன இருக்க வேண்டும் என்று ஒரு வரிகூட இல்லை. கட்டட வேலைகளை மேற்பார்வை பார்த்து ஓய்வுபெற்றவன் நான். தளம் அமுங்கி, வெடித்து, தண்ணீர் தேங்கி நின்ற வீடுகள் பலவற்றைத் தோண்டிப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் கல்லில் குறை இருக்காது. குறை அதற்குக் கீழே இருக்கும்.

இப்போதும் தெரிந்தவர்கள் கொட்டேஷனைக் கொண்டுவந்து, "சார், இது சரியா பாருங்க" என்கிறார்கள். அதில் இருப்பது ஒரே வரி: ‘பேவர் தளம், சதுர அடிக்கு இவ்வளவு’. எவ்வளவு ஆழம் தோண்டுவார்கள், என்ன ஜல்லி போடுவார்கள், எதை வைத்து இறுக்குவார்கள், எதுவும் கிடையாது. மூன்று பேரிடம் இப்படி வாங்கிவைத்துக்கொண்டு எது குறைவு என்று பார்ப்பதில் அர்த்தமே இல்லை. ஒருவர் மண்ணை வெட்டியெடுத்து ஜல்லி நிரப்பி இறுக்குவதற்குத் தொகை சொல்லியிருப்பார். இன்னொருவர் புல்லைச் செதுக்கி, மணலைப் பரப்பி, கல்லை அடுக்குவதற்குச் சொல்லியிருப்பார். இரண்டும் ஒரே வேலை அல்ல.

கார் ஏறும் தளத்துக்கு, இறுக்கிய பிறகு குறைந்தது 6 அங்குலம் ஜல்லிப் படுகை வேண்டும். களிமண்ணாக இருந்தால் இன்னும் கூடுதலாக வேண்டும். ‘இறுக்கிய பிறகு’ என்ற சொல்லை ஒப்பந்தத்தில் கட்டாயம் எழுதி வாங்குங்கள். கொட்டும்போது 6 அங்குலம் இருப்பது மெஷின் ஓடிய பிறகு 6 அங்குலம் இருக்காது. மொத்தத்தையும் ஒரே தடவையில் கொட்டி மேலே மட்டும் திமிசு போட்டால், மேல் பகுதிதான் இறுகும், அடி தளர்ந்தே கிடக்கும். சற்று ஈரம் காட்டி, அடுக்கடுக்காக இறுக்க வேண்டும். ஜல்லியை அதிர்வால் இறுக்கும் மெஷினான பிளேட் காம்பாக்டர் கொண்டுவருவீர்களா என்று முதல் பேச்சிலேயே கேளுங்கள். ‘அதெல்லாம் வண்டி ஓட ஓட இறுகிடும்’ என்று சொல்பவரை அப்போதே அனுப்பிவிடலாம். இறுகுவது சக்கரம் போகும் இரண்டு தடத்தில் மட்டும்தான். மழை பெய்தால் அங்கேதான் தண்ணீர் நிற்கும்.

பேவர் போடும்போது நான் அதிகம் பார்த்த தவறு மணலில்தான். கல்லுக்குக் கீழே மணல் 25 முதல் 40 மில்லிமீட்டர் இருந்தால் போதும். ஜல்லியை மட்டம் பார்க்காமல் விட்டுவிட்டு, பள்ளத்தையெல்லாம் மணலால் சரிக்கட்டுகிறார்கள். மணல் கனமாக இருக்கும் இடத்தில் கல் இறங்கும். காருக்கு 60 மில்லிமீட்டர் கல் போதும், சுமை ஏற்றிய லாரி உள்ளே வருமென்றால் 80 வாங்குங்கள். இரண்டு ஓரத்திலும் ஓரக்கல்லைக் கான்கிரீட்டில் ஊன்ற வேண்டும். இல்லாவிட்டால் வரிசை மெல்ல மெல்ல வெளியே நகரும்.

கான்கிரீட் என்றால் 4 அங்குலக் கனத்தை விட்டுக்கொடுக்காதீர்கள். 400 சதுர அடித் தளத்துக்கு 4 அங்குலம் என்றால் சுமார் 133 கன அடிக் கலவை, 3 அங்குலம் என்றால் 100. மிச்சமாவது கால் பங்குதான். ஆனால் தளம் வளைந்து வெடிக்காமல் தாங்கும் வலு, கனத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 3 அங்குலத் தளத்தில் அந்த வலு கிட்டத்தட்ட பாதியாகிவிடும். இதைச் சொன்னால் வீட்டுக்காரர்கள் நம்ப மறுக்கிறார்கள். பலகை அடித்த பிறகு, கலவை வருமுன், நீங்களே டேப்பைப் பிடித்து நாலைந்து இடத்தில் அளந்து பாருங்கள்.

அப்புறம் தண்ணீர். இழுத்துவிடச் சுலபமாக இருக்கும் என்று கலவையில் குழாயைத் திறந்துவிடுவதை அனுமதிக்கவே கூடாது. கூடுதலாகச் சேரும் தண்ணீர் வலுவைக் குறைக்கும், மேற்பரப்பும் பின்னால் தூள் தூளாக உதிரும். போட்ட மறுநாளைக்குள் 8 முதல் 10 அடிக்கு ஒன்றாக, ஒரு அங்குல ஆழத்துக்குக் குறுக்கே ஜாயின்ட், அதாவது கோடுபோல் ஒரு பிளவு, வெட்ட வேண்டும். கான்கிரீட் காயும்போது சுருங்கத்தான் செய்யும். நாம் வெட்டிக் கொடுக்காவிட்டால் அது தன் இஷ்டத்துக்கு வெடிக்கும். குறைந்தது 7 நாள் ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அதுவரை காரை ஏற்றாதீர்கள்.

எந்தப் பொருளானாலும் வாட்டம் வீட்டைவிட்டு வெளியே போக வேண்டும். 10 அடிக்கு சுமார் இரண்டரை அங்குலம் இறக்கம் இருந்தால் தண்ணீர் நிற்காது. வழவழப்பான டைல்ஸ் மழையில் வழுக்கும், அது எனக்குச் சம்மதமில்லை. தாருக்கு வெயிலும் ஆகாது, சொட்டும் எண்ணெயும் ஆகாது. மண்ணுக்கடியில் குழாய், ஒயர் போகிற வீட்டுக்கு நான் பேவரைத்தான் சொல்வேன், எடுத்துவிட்டுத் திரும்ப அடுக்கலாம். கான்கிரீட்தான் என்று முடிவு செய்தால், போடுவதற்கு முன்பே குறுக்கே ஒரு காலிப் பைப்பைப் பதித்து வையுங்கள்.

காண்டிராக்டர் போனில் காட்டும் படங்களை வைத்து முடிவு செய்யாதீர்கள். மழைக்காலம் ஒன்றிரண்டைப் பார்த்த பழைய வேலையைக் காட்டச் சொல்லி, நேரில் போய் அந்த வீட்டுக்காரரிடமும் பேசுங்கள். பணத்தைக் கட்டம் கட்டமாகக் கொடுங்கள்: ஜல்லி இறுக்கியதும் ஒரு பங்கு, தளம் முடிந்ததும் ஒரு பங்கு, கடைசிப் பங்கு ஒரு நல்ல மழைக்குப் பிறகு. நேர்மையாக வேலை செய்கிறவர்கள் இதற்குத் தயங்குவதில்லை. சொல்லப்போனால், அடி வேலையைச் செய்யாமல் குறைத்துக் கேட்பவர்களிடம் வேலையைப் பறிகொடுப்பது அவர்கள்தான்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை தளம் பற்றி எழுதும்போது, அதன் குறுக்குவெட்டுப் படம் ஒன்றையும் போடுங்கள்: மண், ஜல்லி, மணல், கல், ஒவ்வொன்றின் கனத்தோடு. அதைக் காண்டிராக்டர் முன்னால் வைத்து, இதில் எதெல்லாம் உங்கள் தொகையில் அடக்கம் என்று வாசகர்கள் கேட்டுக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கட்டட மேற்பார்வையாளர் ஒருவர்